வல்லை வெளியில் பதினைந்து நிமிடம்

என் நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் முதல் வரி ஒரே மாதிரித்தான் இருக்கும்: பஸ் வந்த நேரம், எனக்குக் கிடைத்த இருக்கை, வானம் எப்படி இருந்தது. இருபத்திரண்டு வருடமாக இப்படி எழுதி வருகிறேன். நில அளவையாளர் ஒருவரின் அலுவலகத்தில் காணிப் படம் வரைவது என் வேலை. படத்தில் ஒரு கோடு மயிரிழை தள்ளிப்போனால் நிலத்தில் வேலி அரை அடி தள்ளிப்போகும். வேலி தள்ளிப்போனால் இரண்டு வீட்டார் பத்து வருடம் முகம் பார்க்க மாட்டார்கள். அதைக் கண்டு பழகியதாலோ என்னவோ, அளந்து எழுதாத நாள் எனக்கு முடிந்த நாளாகத் தோன்றுவதில்லை.

நான் உடுப்பிட்டிச் சந்தியில் ஏறும் தனியார் பஸ் வல்வெட்டித்துறையிலிருந்து வருவது. ஆறே முக்காலுக்கு எங்கள் சந்தி, ஏழே முக்காலுக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையம். எங்கள் வழியில் அதுதான் முதல் பஸ். அடுத்தது ஏழரைக்கு, அதில் போனால் எட்டு மணி வேலைக்கு எவரும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆகவே முதல் பஸ்ஸில் தினமும் ஒரே முகங்கள், பெரும்பாலும் ஒரே இருக்கைகளில். எனக்கு இடப்பக்கம் மூன்றாவது வரிசை, யன்னலோரம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை ஏறியபோது, சாரதிக்குப் பின்னால் உள்ள இருக்கையின் கீழ் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி பூட்டப்பட்டிருந்தது. பிஸ்கற் ரின் அளவு இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் கூரைக்கு ஏறியிருந்தது.

"உது என்ன தம்பி?" என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"பாட்டுப் பெட்டி அக்கா. உதிலை ஆரும் கால் வைக்கக் கூடாதெண்டு முதலாளி சொன்னவர்."

அந்த இருக்கையில் எப்போதும் இருக்கும் வலை வியாபாரி உடனே கேட்டார்: "அப்ப நான் என்ரை காலை எங்கை வைக்கிறது, உன்ரை தலையிலேயோ?"

"வையுங்கோ அண்ணை. அதுக்கும் ஒரு ரிக்கற் எடுக்கோணும்."

பெட்டியைக் கொண்டுவந்தவர் கடைசி வரிசையில் மடிக்கணினியுடன் இருந்தார். நாற்பது வயதிருக்கும். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கணினி கற்பிப்பவர்; மேற்படிப்புக்கான ஆய்வை எங்கள் பஸ்ஸில் செய்ய முதலாளியிடம் அனுமதி வாங்கியிருந்தார். ஒரு வாரத்துக்குள் பஸ் முழுவதும் அவரைப் பெட்டி ரீச்சர் என்றே அழைத்தது. ஆய்வின் பெயர் மூடுபனிக் கணிமை என்று அவர் சொன்னபோது நடத்துநர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"இந்த வெய்யிலுக்கை பனியோ ரீச்சர்?"

"மேகம் மேலை, தூரத்திலை நிக்கும். அது இறங்கி எங்கடை காலடிக்கு வந்தால் மூடுபனி. தூர நாட்டிலை கிடக்கிற கணினியின்ரை வேலையிலை கொஞ்சத்தை நான் வீதிக்கரைக்குக் கொண்டு வாறன், அவ்வளவுதான்."

எனக்கு விளங்கியது என் வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியை வைத்துத்தான். கரண்ட் இருக்கும்போது மோட்டார் போட்டுத் தாங்கியை நிரப்பி வைக்கிறோம். கரண்ட் போனாலும் குழாயில் தண்ணீர் வரும். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது போனில் பார்க்கும் படம் ஒவ்வொரு நொடியும் எங்கோ தூரத்திலிருந்து வரவேண்டியிருக்கிறது. ஒரு கோபுரத்தை விட்டு அடுத்த கோபுரத்தைப் பிடிக்கும் இடைவெளியில் படம் நின்று வட்டம் சுற்றத் தொடங்கும். ரீச்சர் வழிநெடுக மூன்று சிறிய கணினிகளை வைத்தார்: எங்கள் போன்கள் வைஃபையில் இணைய பஸ்ஸுக்குள் ஒன்று, வீடும் போன் கோபுரமும் இல்லாத வல்லை வெளியின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் புத்தூரில் ஒன்று. சிக்னல் உள்ள இடத்தில் நிரப்பி, இல்லாத இடத்தில் திறந்துவிடுவது. நான் தாங்கியைச் சொன்னபோது அவர் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். என் பேச்சை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் முதல் மூன்று மாதம் ஒன்றும் சரியாக நடக்கவில்லை. வல்லை வெளியில் வட்டம் சுற்றுவது சுற்றிக்கொண்டே இருந்தது. "கோயிலடியிலை நாங்கள் எவ்வளவு நேரம் நிக்கிறம் எண்டு ஆருக்கும் தெரியுமோ?" என்று ஒரு நாள் அவர் யோசனையோடு கேட்டார். எனக்குத் தெரியும்.

வெளி தொடங்கும் இடத்தில் வீதியோரம் ஒரு சிறிய வைரவர் கோயில் இருக்கிறது. எந்த பஸ்ஸும் அங்கே நிற்காமல் போகாது. நடத்துநர் குதித்து இறங்கி, உண்டியலில் சில்லறை போட்டு, வாழையிலைத் துண்டில் திருநீறு எடுத்துவந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு போவார். பஸ் அட்டவணையில் அந்த நிறுத்தம் கிடையாது. ரீச்சர் அட்டவணையைப் பார்த்து, அதில் போட்டிருந்த சந்தியில் தன் பெட்டியை வைத்திருந்தார். ஆள் இல்லாத நாளில் அந்தச் சந்தியில் பஸ் வேகத்தைக்கூடக் குறைக்காது. என் நாட்குறிப்பில் வருடக் கணக்காக 'திருநீறு, 50 செக்கன்', 'திருநீறு, 65 செக்கன், வெள்ளிக்கிழமை' என்று இருந்தது. காட்டினேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"மூண்டு மாதமா நான் பிழையான இடத்திலை தாங்கியை வைச்சுக்கொண்டு நிக்கிறன் அக்கா."

பெட்டி கோயிலுக்குப் பக்கத்துச் சோடாக் கடைக்கு இடம் மாறியது. கடைக்காரர் கரண்டும் கொடுத்து, கூரைக்கு மேல் ஒரு கம்பத்தில் அன்ரெனாவும் நட்டுக் கொடுத்தார். திருநீறு பூசி முடிவதற்குள் பாட்டும் நாடகமும் கடைப் பெட்டியிலிருந்து பஸ் பெட்டிக்கு இறங்கிவிடும். அதன் பிறகு வெளியில் யாருடைய பாட்டும் நிற்கவில்லை. ரீச்சர் என்னிடம் ஒரு வேலை தந்தார்: கோயில், மதகு, பாலம், வளைவு, தோட்டக் கிணறு, புத்தூர்ச் சந்தி என்ற ஆறு இடத்திலும் போனில் படம் எப்படி இருக்கிறது என்று தினமும் குறித்துத் தருவது. தெளிவென்றால் சரி, இல்லையென்றால் பிழை. அந்த ஆறு கட்டங்களையும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு வரைந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் செய்த வேலை குறைவு.

என் பக்கத்து இருக்கையில் தினமும் வந்தவள் பிறவியிலேயே காது கேளாதவள். முப்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் இடமொன்றில் வேலை. கணவனுக்கும் காது கேளாது. இருவரும் ஒரே விசேட பாடசாலையில் படித்தவர்கள். அவர் வளைகுடா நாடொன்றில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் இரவு வேலை செய்தார். அவளும் நானும் என் நாட்குறிப்பின் பின்பக்கங்களில் பேசிக்கொள்வோம், நாலைந்து சொல்லிலும் சிறு படங்களிலும். நீளமாக எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை, கணவனுக்கு அதிலும் குறைவு. கைதான் அவர்கள் மொழி.

அவர்கள் பேசிக்கொள்ளக் கிடைத்தது நாளுக்குப் பதினைந்து நிமிடம். அவர் வேலை முடிந்து கம்பனி பஸ்ஸில் ஏறும்போது அங்கே விடிகாலை நாலரை, இங்கே ஏழு. பஸ்ஸுக்குள் விளக்கு எரியும், கையைப் பார்க்கலாம். அறைக்குப் போய்விட்டால் எட்டுப் பேர் படுத்திருப்பார்கள், விளக்குப் போட முடியாது. இருட்டில் அவர்களுக்குப் பேச்சில்லை. அவர் எழும்பும் நேரம் அவள் தையல் மெசினில் இருப்பாள், அங்கே போனுக்கு அனுமதியில்லை. அவள் வீடு திரும்பும் நேரம் அவர் வேலையில். வெள்ளிக்கிழமை மட்டும் அவருக்கு ஓய்வு. அன்று மாலை வீட்டிலிருந்து ஆறுதலாகப் பேசுவாள். மற்ற நாளெல்லாம் ஏழிலிருந்து ஏழேகால். எங்கள் பஸ் அந்த நேரத்தில்தான் வல்லை வெளியைக் கடக்கும். பாலத்தடியில் வீதித் திருத்த வேலை நடந்ததால் ஒரு பக்கத்தை மறித்து மறுபக்கத்தை விடுவார்கள். கடந்து முடிக்கவே முழுப் பதினைந்து நிமிடமும் போய்விடும்.

தொடக்கத்தில் அவள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பேசுவாள். அது அவளுக்கு அரைவாசிப் பேச்சு என்பது தெரிந்த நாளிலிருந்து நான் போனைப் பிடித்தேன், முழங்கையை யன்னல் கம்பியில் ஊன்றி, ஆடாமல். ஒரு வாரம் போனபின் நடத்துநர் ரயர் ரியூப்பில் ஒரு பட்டி வெட்டி முன் இருக்கையின் முதுகில் கட்டிவிட்டார்.

"இனி போனை உது பிடிக்கும் அக்கா. நீங்கள் உங்கடை கோட்டைப் போடுங்கோ."

இந்தப் பெண்ணுக்காகத்தான், பெட்டி சோடாக் கடைக்கு மாறி ஆறு மாதம் கழிந்த ஒரு வாரத்தின் பக்கங்களை நான் இன்றும் திருப்பித் திருப்பி வாசிக்கிறேன்.

அந்த வாரத் திங்கள் மாலை வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் என் கொப்பியை வாங்கி ஒரு கத்தரிக்கோல் வரைந்தாள். அவள் வேலை செய்யும் இடத்தில் துணி வெட்டுபவர் விலகிப் போகிறார். கணவன் பாடசாலையில் பழகிய தொழில் அதுதான். அவர் வருவதென்றால் இடத்தை அவருக்கே தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். வெள்ளிக்குள் பதில் வேண்டும். ஆனால் கணவனோ, ஊரில் வேலை இல்லையென்று நினைத்து இன்னும் இரண்டு வருடத்துக்கு அங்கேயே வேலை செய்ய ஒப்புக்கொண்டிருந்தார். கையெழுத்து வியாழன் மாலை, வேலைக்குப் போகும்போது. வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கு ஒரு நாள் முந்தி. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று விரல் காட்டினாள். பிறகு தன் மணிக்கூட்டைக் காட்டினாள்.

ஒரு நாள் லீவு எடுக்கலாமே என்று எழுதினேன். அவள் கதவைச் சாத்துவது போலக் காட்டித் தலையாட்டினாள். பள்ளிக்கூடம் தொடங்கும் காலம், சீருடை வேலை தலைக்கு மேல். கணவனுக்கு இடம் கேட்டுக்கொண்டு அந்த வாரம் லீவும் கேட்க முடியாது. கையால் பேசிப் பதிவுசெய்து அனுப்பலாமே என்றதற்கு அவள் இரண்டு கையையும் எதிரெதிரே ஆட்டினாள்: அவர் கேட்கக் கேட்க அவள் பதில் சொல்லவேண்டிய பேச்சு அது.

செவ்வாய் காலை கோயிலடியில் அழைப்பு வந்தது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கணவனின் முகம் அவ்வளவு தெளிவு; சட்டைப் பையில் தைத்திருந்த எழுத்துகூடத் தெரிந்தது. மதகு, சரி. பாலம், சரி. வளைவு, கிணறு, புத்தூர், எல்லாம் சரி. ஆறு கட்டமும் நிரம்பியது. நல்ல நாளில் நல்ல படம் கிடைத்ததே என்று மகிழ்ந்து, கொப்பியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அவள் என் பென்சிலை வாங்கினாள். என் ஆறு சரிகளின் மேலும் ஒவ்வொன்றாகப் பிழை போட்டாள்.

என் கோட்டுக்குள் இன்னொருவர் எழுதுவதை நான் ஒருநாளும் விட்டதில்லை. 'படம் தெளிவாக இருந்ததே?' என்று கீழே எழுதினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் கையை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். அசைக்கவில்லை. ஐந்து விரலும் ரேகையும் தெளிவாகத் தெரிந்தன. திடீரென்று கை வேறொரு இடத்தில், வேறொரு வடிவில் நின்றது, அங்கும் அசையாமல். பிறகு இன்னோரிடம். மூன்று நிலை காட்டிவிட்டு, நான் இப்போது என்ன சொன்னேன் என்று கேட்பது போலப் புருவத்தை உயர்த்தினாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெளியில் அவளுக்குக் கிடைத்தது தெளிவான, நின்ற படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குக் கை போகும் போக்கில்தான் அவர்கள் பேச்சு இருக்கிறது. அந்தப் போக்கு முழுவதும் கழிந்துபோயிருந்தது. நான் ஆறு மாதமாகச் சரி போட்ட காலைகளில் பாதிக்கு மேல் அவள் ஒன்றும் பேசாமல் வந்திருக்கிறாள்.

அன்று பஸ் நிலையத்தில் இறங்கியதும் அவள் போனிலிருந்து கணவனுக்கு ஒரு செய்தி எழுதிக் கொடுத்தேன். ஏழு வரி, ஒரு எழுத்துப் பிழையில்லை. மாலையில் அவள் பதிலைக் காட்டினாள். 'இது ஆர். நீ சொல்லு.' அவ்வளவுதான். என் ஏழு வரியும் அவருக்கு அந்நியர் ஒருவரின் பேச்சு. வாழ்க்கையை மாற்றும் விஷயத்தை அந்நியர் சொல்லி யார் நம்புவார்கள்?

அந்த நாட்களில் ரீச்சர் தினமும் பஸ்ஸில் வருவதில்லை; அன்று மத்தியானமே அவருக்குப் போன் பண்ணியிருந்தேன்.

"ரீச்சர், ஆறு மாதமா நான் உங்களுக்குப் பிழையான கணக்குத் தந்திருக்கிறன்."

"நீங்களோ அக்கா? நம்பேலாது."

நடந்ததைச் சொன்னேன்.

"சிக்னல் மெலிஞ்சால் எதை விடுறது எண்டு பெட்டிக்கு நான்தான் சொல்லி வைச்சனான்," என்றார். "படம் தெளிவா இருக்கட்டும், செக்கனுக்கு எத்தினை படம் எண்டதைக் குறை எண்டு. பாட்டும் நாடகமும் பாக்கிற ஆக்கள் படம் மங்கினால்தான் குறை சொல்லுவினம். குரல் ஓடிக்கொண்டிருந்தால், படம் நிண்டு நிண்டு போறது அவைக்குப் பெரிசாத் தெரியாது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "எல்லாருக்கும் குரல் கிடக்கெண்டு நினைச்சுப் போட்டன்."

"மாத்தேலுமோ?"

"மாத்தலாம். எவ்வளவு மாத்திறது எண்டு அந்தப் பிள்ளைதான் சொல்லோணும். நாளைக்கு வாறன்."

புதன் காலை ரீச்சர் எங்கள் சந்தியிலேயே ஏறினார். நான் என் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மடிக்கணினியில் அவர் இரண்டு படம் காட்டினார்: ஒன்று கூர்மை, நின்று நின்று போவது, மற்றது மங்கல், தண்ணீரில் கரைந்த சாயம் போல, ஆனால் நிற்காமல் ஓடுவது. அவள் யோசிக்காமல் மங்கலைத் தொட்டாள். ரீச்சர் அதை இன்னும் மங்கலாக்கினார், இன்னும் மங்கலாக்கினார். ஒரு கட்டத்தில் அவள் கையைத் தூக்கி மறித்துத் தன் புருவத்தையும் வாயையும் காட்டினாள். முகமும் தெரியவேண்டும், கேள்வியா, கோபமா, பகிடியா என்பது அங்கேதான் இருக்கிறது. ரீச்சர் ஒரு படி திரும்பி வந்தார்.

இதற்கெல்லாம் ஒரு விலை இருந்தது. ஓடும் அழைப்பில்தான் சோதிக்க முடியும். பஸ் பெட்டியை நிறுத்தி, மாற்றி, மறுபடி ஓடவிட்டு என்று அன்றைய பதினைந்து நிமிடமும் அதிலேயே போனது. அவள் கணவனுக்குச் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: நாளைக்கு, பொறு. மூன்று காலைகளில் இரண்டு போய்விட்டன. புத்தூர் தாண்டியதும் அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு இருந்தாள். அது அவள் மௌனம் என்பதை அதற்குள் நான் அறிந்திருந்தேன்.

ரீச்சர் புத்தூரில் இறங்கிவிட்டார். அங்கே ஒரு பெட்டி, சோடாக் கடையில் ஒரு பெட்டி, இரண்டையும் அன்றே மாற்ற வேண்டும். கல்லூரிக்கு அறிவித்துவிட்டு மாலை மூன்று மணி வரை வெய்யிலில் நின்றதாகவும், சோடாக் கடைக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, தேசிக்காய்த் தண்ணீரும் கொடுத்ததாகவும் பிறகு சொன்னார். மாற்றம் எளிமையானது. பாட்டும் நாடகமும் ஏற்கெனவே பஸ் பெட்டியில் கிடக்கின்றன. அவற்றுக்கு வல்லை வெளியில் சிக்னல் தேவையில்லை. அங்கே கிடைக்கும் மெல்லிய சிக்னலை முழுவதும் நேரடி அழைப்புக்கு விடுவது. படத்தைப் பெட்டியே சிறிதாக்கி, அசைவை மட்டும் விடாமல் அனுப்புவது.

வியாழன் காலை, என் குறிப்பின்படி: பஸ் 6.47, மூன்றாவது வரிசை, வானம் தெளிவு. ரீச்சர் சாரதிக்குப் பின்னால் பெட்டியடியில் குந்தியிருந்தார். கோயிலடி நெருங்கும்போது நிமிர்ந்து நடத்துநரிடம் ஏதோ சொன்னார். நடத்துநர் பஸ்ஸின் நடுவில் வந்து நின்றார்.

"அண்ணைமார், அக்காமார், ஒரு சின்ன விசயம். புத்தூர் வரும் மட்டும் பெட்டியிலை கிடக்கிற பாட்டை எவ்வளவெண்டாலும் பாருங்கோ. நெற்றிலை நேரடியா வாற ஒண்டையும் பாக்க வேண்டாம். இந்தத் தங்கச்சிக்கு அவசரமா வீட்டுக்காரரோடை கதைக்கோணும்."

எல்லோரும் வலை வியாபாரியைப் பார்த்தார்கள். அவர் போனில் மேற்கிந்தியத் தீவுகளில் நடக்கும் கிரிக்கெட் ஆட்டம் நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது.

"கடைசி அஞ்சு ஓவர் கிடக்கடா."

"நீங்கள் பாத்தாலும் எங்கடை ஆக்கள் தோப்பினம், பாக்காட்டிலும் தோப்பினம் அண்ணை."

"அதுவும் சரிதான்," என்று வலை வியாபாரி போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார். புத்தூர் வரும்வரை அந்தப் பையை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார், வெளியில் எடுக்கவில்லை. அவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

அழைப்பு 7.01க்கு வந்தது. ரியூப் பட்டியில் போன் நின்றது. கணவனின் முகம் நனைந்த காகிதத்தில் வரைந்தது போல இருந்தது. சட்டைப் பை எங்கே என்றே தெரியவில்லை. ஆனால் கைகள் ஓடின. அவள் கைகளும் ஓடின. கத்தரிக்கோலை நான் அடையாளம் கண்டேன். அதற்குப் பிறகு நான் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்த மொழி எனக்கு விளங்காது என்பது உண்மைதான். என்றாலும் புருஷனும் பெண்சாதியும் பேசும்போது பார்த்துக்கொண்டிருப்பது முறையல்ல.

வெளியில் தண்ணீர் வற்றிய சேற்றில் கொக்குகள் நின்றன. பாலத்தடியில் சிவப்புக் கொடி காட்டி மறித்தார்கள். வேறு நாளென்றால் பஸ்ஸே முணுமுணுக்கும். அன்று ஒருவரும் பேசவில்லை. காது கேளாத ஒருத்திக்காக நாற்பது பேர் சத்தம் போடாமல் இருந்தோம். அதில் ஒரு பயனும் இல்லையென்று எல்லோருக்கும் தெரியும். என் கையில் பென்சில் இருந்தது. ஆறு கட்டமும் வெறுமையாகக் கிடந்தன. அவளே போடட்டும் என்று விட்டிருந்தேன்.

ஒரு தடவை மட்டும் திரும்பிப் பார்த்தேன், அவள் உடம்பு ஆடியதால். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கணவன் ஏதோ பகிடி விட்டிருக்கவேண்டும். அந்த மங்கலான படத்தில் ஒரு பகிடி தப்பாமல் வந்து சேர்ந்திருந்தது. பெட்டியடியிலிருந்து ரீச்சரும் அதைப் பார்த்தார். தலையைக் குனிந்து கணினியில் ஏதோ செய்வது போல இருந்தார். திரை அணைந்திருந்ததை நான் கண்டேன்.

7.16க்கு அழைப்பு முடிந்தது. புத்தூர்ச் சந்தியில் சீருடைப் பிள்ளைகள் ஏறினார்கள். அவள் என் கொப்பியை எடுத்து, ஆறு கட்டத்துக்கும் குறுக்கே, நான் போட்ட கோடுகளைக் கவனிக்காமல், ஒரு சொல் எழுதினாள்: 'வாறார்'.

நடத்துநர் எட்டிப் பார்த்தார். "என்னவாம் அக்கா?"

கொப்பியைக் காட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டு மணிக் கயிற்றைத் தேவையில்லாமல் இரண்டு தடவை இழுத்தார். சாரதி பிறேக் போட்டார்.

"ஆர் இறங்கிறது?" என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது.

"ஒருத்தரும் இறங்கேல்லை அண்ணை. ஒராள் ஏறப்போறார். நீங்கள் எடுங்கோ."

வலை வியாபாரி அதற்குள் போனை வெளியே எடுத்திருந்தார். மேற்கிந்தியத் தீவில் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்த யாரும் முடிவைக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் கணவன் ஊருக்கு வந்தார். ரீச்சரின் ஆய்வும் முடிந்தது; பஸ் முதலாளி பெட்டிகளைக் கழற்ற விடாமல் தானே வைத்துக்கொண்டார். ஆய்வு நூலில் ஒரு பக்கம் என் ஆறு கட்டங்களுக்கும் அவை ஏன் போதாமல் போயின என்பதற்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. என் பிழை அச்சில் வந்ததற்காக நான் வருந்தவில்லை. வேறு எந்த ஊரிலோ ஒருவர் அந்தப் பக்கத்தை வாசித்து, தெளிவு என்பதற்குப் பக்கத்தில் அசைவு என்று இன்னொரு நிரலும் போடுவார். நானும் போட்டிருக்கிறேன். காணிப் படம் வரையும்போதுகூட இப்போது காணிக்காரரிடம் ஒரு தடவை கேட்கிறேன், நான் அளந்ததுதான் நீங்கள் கேட்டதா என்று. அலுவலகத்தில் சிரிக்கிறார்கள்.

அவர்கள் இருவரும் இப்போது அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார்கள். அவள் என் பக்கத்தில். நடுவழிக்கு அந்தப் பக்கம் அவர், எதிரும் புதிருமாகத் திரும்பி இருந்துகொண்டு. சந்தியில் ஏறியதிலிருந்து நாலு கைகளும் ஓயாது. நடுவழியில் நிற்பவர்கள் தலையைக் குனிந்து வழி விட வேண்டியிருக்கிறது. ரியூப் பட்டி முன் இருக்கையின் முதுகில் இன்னும் கட்டியபடியே இருக்கிறது. நான் அதில் என் குடையைச் செருகி வைக்கிறேன்.

வெளியில் அவர்கள் பேச்சு இப்போது எங்கும் அறுவதில்லை. கோயிலடியில் மட்டும் நடத்துநர் வாழையிலையோடு வரும்போது இருவரும் கையை நீட்ட வேண்டும். அந்த நேரம் பேச்சு நிற்கும். நேற்றைய குறிப்பு: பஸ் 6.46, மூன்றாவது வரிசை, இலேசான முகில். திருநீறு, 50 செக்கன்.